அமெரிக்க பேண்டு மார்ச்சுகளைக் கேட்கத் தொடங்குவோருக்கு

அமெரிக்க பேண்டுகளின் மார்ச் இசையை, அதாவது அணிவகுப்பு நடைக்கேற்ற இசையை, புதிதாகக் கேட்பவர்கள் பத்து மார்ச்சுகளைக் கேட்டு முடித்ததும் பெரும்பாலும் ஒரே குறையைச் சொல்கிறார்கள்: எல்லாம் ஒன்றுபோலவே இருக்கின்றன. இந்தக் குறையில் பாதி உண்மை உண்டு. மிகப் பெரும்பாலான மார்ச்சுகள் ஒரே அமைப்பில், ஏறத்தாழ ஒரே கால அளவில், ஒரே வகைக் கருவிகளுக்காக எழுதப்பட்டவை. ஆனால் ஈற்றடி மூன்று சீராக முடிகிறது என்பதற்காக எல்லா வெண்பாவும் ஒன்று என்று யாரும் சொல்வதில்லை. யாப்பு தெரிந்தவருக்கே அந்த யாப்புக்குள் ஒரு புலவர் எங்கே விளையாடியிருக்கிறார் என்பது புலப்படும். மார்ச்சுக்கும் ஒரு யாப்பு உண்டு. அதைக் காதால் கற்றுக்கொள்ள ஒரு மாலைப் பொழுது போதும். அதன் பிறகு அதன் வகைமைகளைத் தேடிச் செல்லும் வழியையே இக்கட்டுரை படிப்படியாக விளக்குகிறது.

முன்னதாக ஒரு சொல் விளக்கம். இங்கே பேண்டு என்பது தந்திக் கருவிகள் இல்லாத, ஊதுகருவிகளும் தோற்கருவிகளும் சேர்ந்த குழுவைக் குறிக்கிறது. பிக்கலோ, புல்லாங்குழல், கிளாரினெட், சாக்ஸபோன் முதலியன ஒரு புறமும், கார்னெட், டிரம்பெட், ஹார்ன், டிராம்போன், யூஃபோனியம், டியூபா ஆகிய பித்தளைக் கருவிகள் மறுபுறமும் இருக்க, ஸ்னேர் டிரம், பெரிய பாஸ் டிரம், சிம்பல் ஆகியவை தாளத்தைத் தாங்கும். யூஃபோனியம் என்ற பெயரை இப்போதே நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். டியூபாவின் தம்பிபோலத் தோற்றமளிக்கும் அந்தக் கருவிதான் பின்னால் நமக்கு அதிகம் பயன்படப்போகிறது.

முதற்படி: ஒரே மார்ச்சை நான்கு முறை கேளுங்கள்

தொடக்கத்திற்கு ஜான் ஃபிலிப் சூசா இயற்றிய ‘த ஸ்டார்ஸ் அண்ட் ஸ்ட்ரைப்ஸ் ஃபார்எவர்’ என்ற மார்ச்சை எடுத்துக்கொள்ளுங்கள். எல்லோருக்கும் தெரிந்ததையே பரிந்துரைப்பது சோம்பேறித்தனமாகத் தோன்றலாம். ஆனால் மெட்டு முன்பே காதில் விழுந்திருந்தால் மனம் அதைத் துரத்தாமல் அமைப்பைக் கவனிக்கும். 1896 இறுதியில் ஐரோப்பாவிலிருந்து கப்பலில் திரும்பிக்கொண்டிருந்த சூசா, தம் மேலாளர் இறந்த செய்தியின் பாரத்தோடு கப்பல் தளத்தில் நடந்தபடியே இதை மனத்துக்குள் இசையமைத்து, கரை சேர்ந்த பிறகே தாளில் எழுதினார். 1987இல் அமெரிக்க நாடாளுமன்றம் இதனை நாட்டின் தேசிய மார்ச்சாகச் சட்டத்தின் மூலம் அறிவித்தது.

முதல் முறை கேட்கும்போது எதையும் எண்ண வேண்டாம். இரண்டாம் முறை கேட்கும்போது, இருந்த இடத்திலேயே காலை மாற்றி மாற்றித் தட்டி அடிகளை எண்ணுங்கள். முதலில் எட்டு அடிக்கு ஓர் அறிமுகம் வரும். அது மெட்டு அன்று. உட்கார்ந்திருப்பவரை எழுப்பும் அழைப்பு மட்டுமே. அடுத்து 32 அடிகள் கொண்ட முதற்பகுதி வந்து, மீண்டும் ஒரு முறை வாசிக்கப்படும். அதைப்போலவே 32 அடிகள் கொண்ட இரண்டாம் பகுதியும் இருமுறை வரும். பேண்டுக்காரர்கள் இந்தப் பகுதிகளை ஸ்ட்ரெயின் என்பார்கள்.

இதன் பின்னர் வருவது டிரியோ. மார்ச்சின் இதயம் இதுதான் என்று சொன்னால் அது மிகையாகாது. இங்கே இரண்டு மாற்றங்கள் ஒருசேர நிகழ்கின்றன. ஓசை சட்டென்று தணிகிறது, சுருதியும் மாறுகிறது. அதுவரை மத்யமமாக ஒலித்த ஸ்வரம் ஷட்ஜமாகிவிடுகிறது. மத்யம சுருதியில் பாடப்படும் பாடல்களைக் கேட்டுப் பழகியவர்களுக்கு இதன் சாயல் உடனே பிடிபடும். வேறுபாடு என்னவென்றால், அங்கே பாடல் முழுவதும் அந்தச் சுருதியில் அமைந்திருக்க, இங்கே நடந்துகொண்டிருக்கும்போதே தரை மாறுகிறது. அதனால்தான் டிரியோ தொடங்கும்போது ஏதோ ஒரு கதவு திறந்து விசாலமான இடத்திற்குள் வந்ததுபோல் இருக்கிறது. நாம் முணுமுணுக்கும் அந்தப் புகழ்பெற்ற மெட்டும் இந்த 64 அடிகளில்தான் இருக்கிறது.

டிரியோவை அடுத்து 48 அடிகளுக்கு ஒரு பெரும் சச்சரவு மூளும். கீழ்ஸ்தாயிப் பித்தளைக் கருவிகள் ஒன்றைச் சொல்ல, மேல்ஸ்தாயிக் கருவிகள் மறுத்துப் பேசுவதுபோல இது அமைந்திருக்கும். வாசிப்பவர்களிடையே இதற்கு நாய்ச்சண்டை என்றே பெயர். சண்டை ஓய்ந்ததும் டிரியோவின் மெட்டு திரும்பி வரும். இம்முறை அதன் தலைக்கு மேல் பிக்கலோ தனியே ஒரு துள்ளல் கோலம் போடும். மீண்டும் நாய்ச்சண்டை மூளும். மூன்றாம் முறை டிரியோ வரும்போது பேண்டு முழுவதும் சேர்ந்துகொள்ள, டிராம்போன்கள் அடியில் வேறொரு கம்பீரமான மெட்டை முழங்கும். எல்லாவற்றுக்கும் பின், ஒரு கணம் விட்டு, ஒரே ஓர் அடி ‘டம்’ என்று விழும். அதன் பெயர் ஸ்டிங்கர், அதாவது கொடுக்கு. மொத்தம் 424 அடிகள் ஆகின்றன; நிமிடத்துக்கு 120 அடி என்ற வழக்கமான நடையில் இது மூன்றரை நிமிடத்திற்குச் சற்றே கூடுதல்.

மூன்றாம் முறையும் நான்காம் முறையும் எண்ணாமல் கேட்டு, அடுத்து என்ன வரும் என்று முன்கூட்டியே சொல்லிப் பாருங்கள். பிழையின்றிச் சொல்ல முடிந்தால் உங்களுக்கு மார்ச்சின் யாப்பு கைவந்துவிட்டது. பழைய மார்ச்சுகள் பல டிரியோ முடிந்ததும் தொடக்கத்திற்கே திரும்பிச் சென்று அங்கே முடிந்தன. டிரியோவிலிருந்து பின்வாங்காமல் உச்சத்தை நோக்கி ஏறி அங்கேயே முடிக்கும் முறையை நிலைபெறச் செய்தவர்களில் சூசாவே முதன்மையானவர். பின்வந்தோர் பெரும்பாலும் அவர் வழியிலேயே சென்றார்கள்.

இரண்டாம் படி: நடையைப் பிரித்தறிதல்

நடக்கும் மனிதனுக்கு இரண்டே கால்கள் இருப்பதால் மார்ச் எப்போதும் இரண்டு அடித் தாளம்தான். ஆனால் ஒவ்வோர் அடியின் உள்ளே நிகழும் பிரிவு இருவகைப்படும். அடியை இரண்டாகவும் நான்காகவும் பிரித்தால் அது சதுஸ்ர நடை. ‘தகதிமி தகதிமி’ என்று நேராகவும் விறைப்பாகவும் செல்லும். மூன்றாகப் பிரித்தால் திஸ்ர நடை. ‘தகிட தகிட’ என்று அசைந்தாடிச் செல்லும். சூசாவின் ‘த தண்டரர்’ முன்னதற்கும், ‘த வாஷிங்டன் போஸ்ட்’ பின்னதற்கும் நல்ல எடுத்துக்காட்டுகள். இரண்டும் 1889ஆம் ஆண்டைச் சேர்ந்தவை. அடுத்தடுத்துக் கேட்டால் வேறுபாடு ஒரே நிமிடத்தில் விளங்கிவிடும்.

‘த வாஷிங்டன் போஸ்ட்’ அந்தப் பெயருள்ள நாளிதழ் நடத்திய கட்டுரைப் போட்டியின் பரிசளிப்பு விழாவுக்காக எழுதப்பட்டது. அதன் திஸ்ர நடை அக்காலத்தில் புதிதாகப் பரவிக்கொண்டிருந்த டூ ஸ்டெப் நடனத்துக்குக் கச்சிதமாகப் பொருந்தியதால், மார்ச் நடனக் கூடங்களுக்குள்ளும் நுழைந்தது. ஐரோப்பாவின் சில பகுதிகளில் அந்த நடனத்தையே இந்த மார்ச்சின் பெயரால் அழைத்தார்கள். இவ்வளவு புகழ் பெற்ற இந்த இசையைச் சூசா 35 டாலருக்குப் பதிப்பாளரிடம் விற்றுவிட்டிருந்தார் என்பது வேறு கதை.

நடை பழகிய பிறகு 1896இல் வந்த ‘எல் கேப்பிடன்’ மார்ச்சைக் கேளுங்கள். திஸ்ரத்தில் தொடங்கும் இது டிரியோவில் சதுஸ்ரத்துக்கு மாறிவிடும். ஒரே நாடகத்திற்குச் சூசா எழுதிய பாடல்களிலிருந்து கோத்தெடுத்த மார்ச் என்பதால் இந்த மாற்றம் நேர்ந்தது.

மூன்றாம் படி: மெட்டை விட்டுக் கீழே இறங்குதல்

எல்லாம் ஒன்றுபோல இருக்கின்றன என்ற எண்ணத்துக்கு முதன்மையான காரணம், கார்னெட்டும் கிளாரினெட்டும் வாசிக்கும் மேல் மெட்டை மட்டும் கேட்பதே என்பது என் கருத்து. மார்ச்சின் சுவையில் பாதிக்கு மேல் அதன் நடுவிலும் அடியிலும் இருக்கிறது. ஆகவே இந்தப் படியில் சற்று அதிக நாள் தங்குவது நல்லது.

முதலில் அடித்தளத்தைக் கேளுங்கள். டியூபாவும் பாஸ் டிரமும் அடி விழும் இடத்தில் ‘உம்’ என்று ஊன்ற, ஹார்ன்கள் இரண்டு அடிகளுக்கு இடைப்பட்ட இடத்தில் ‘பா’ என்று தூக்கும். வாழ்நாள் முழுவதும் ‘பா’ மட்டுமே வாசிக்கும் ஹார்ன் கலைஞர்களின் மனக்குறை பேண்டுலகில் பழைய நகைச்சுவைப் பொருள். ஆனால் அந்த ‘பா’ ஓர் இமைப்பொழுது தாமதித்தால் மார்ச் முழுவதும் சேற்றில் நடப்பதுபோல் ஆகிவிடும். நல்ல பேண்டையும் சுமாரான பேண்டையும் பிரித்தறிய இதைவிட எளிய அளவுகோல் இல்லை.

அடுத்து, மெட்டுக்கும் அடித்தளத்துக்கும் நடுவே ஓடும் மூன்றாவது குரலைத் தேடுங்கள். மெட்டு நீண்ட ஸ்வரத்தில் நின்று மூச்சு வாங்கும் இடங்களில் அந்தக் குரல் அசையும். மெட்டு ஓடும்போது அது நிற்கும். இந்த எதிர்மெட்டைப் பெரும்பாலும் யூஃபோனியமே வாசிக்கிறது. இதைப் பிடிக்க ஏற்ற பாடம் எட்வின் யூஜின் பேக்லி இயற்றி 1906இல் வெளியான ‘நேஷனல் எம்ப்ளம்’. இதன் முதற்பகுதியில் யூஃபோனியமும் அதன் தோழமைக் கருவிகளும் வாசிப்பதைக் கூர்ந்து கேட்டால் அமெரிக்க நாட்டுப்பண்ணின் முதல் பன்னிரண்டு ஸ்வரங்கள் அங்கே ஒளிந்திருப்பது தெரியும். மூன்று அடித் தாளத்தில் அமைந்த நாட்டுப்பண்ணை இரண்டு அடித் தாளத்துக்குள் மடித்து வைத்திருப்பதால், அதைத் தினம் பாடுபவர்கள்கூட எளிதில் அடையாளம் காண்பதில்லை.

யூஃபோனியத்தின் உச்சத்தைக் கேட்க விரும்பினால் கார்ல் கிங்கின் ‘த மெலடி ஷாப்’ மார்ச்சுக்குச் செல்லுங்கள். ஒஹையோவில் 1891இல் பிறந்த கிங் இதை 1910இல் எழுதியபோது அவருக்கு இருபது வயதுகூட நிரம்பவில்லை. டிரியோவின் மெட்டு நிதானமாக நடந்துபோக, அதன் கீழே யூஃபோனியம் மூச்சுவிட இடமின்றி மேலும் கீழும் பாய்ந்து ஓடுகிறது. இன்றும் யூஃபோனியம் பயில்வோர் தங்கள் விரல் வேகத்தைச் சோதித்துப் பார்க்க இதை எடுத்து வைக்கிறார்கள். கிங் தாமே யூஃபோனியம் வாசித்தவர் என்பது தெரிந்ததும் இதன் காரணம் விளங்கிவிடும். தம் கருவிக்கு மற்றவர்கள் எழுதித் தராத பெருமையை அவரே எழுதிக்கொண்டார்.

இறுதியாகப் பாஸ் டிரம். சூசாவின் குழுவில் பல்லாண்டுகள் பாஸ் டிரம் வாசித்த ஆகஸ்ட் ஹெல்மெக், எந்த அடியைப் பலமாக அடிப்பது, எதை விழுங்குவது என்பதை அச்சிட்ட தாளிலிருந்து கற்றவர் அல்லர். சூசாவின் மார்ச்சுகளில் திடீரென்று ஒரு தனி அடி இடிபோல் விழும் இடங்களைக் குறித்துக்கொள்ளுங்கள். பெரும்பாலும் அது ஒரு சொற்றொடர் முடியும் இடமாகவோ மெட்டு உச்சியைத் தொடும் இடமாகவோ இருக்கும்.

நான்காம் படி: எதற்காக எழுதப்பட்டது என்று கேட்டல்

மார்ச் என்றதும் சீருடையும் துப்பாக்கியும் நினைவுக்கு வருவது இயல்பு. ஆனால் மார்ச்சின் அரசராகப் போற்றப்பட்ட சூசாவின் சொந்தக் குழு வீதியில் நடந்து வாசித்தது மிகச் சில முறைகளே. 1892 முதல் அவர் இறுதிக்காலம் வரை அந்தக் குழு அரங்குகளிலும் பூங்காக்களிலும் அமர்ந்து வாசித்த குழு. மார்ச்சுகள் பெரும்பாலும் அங்கே நிகழ்ச்சி நிரலில் இடம்பெறுவதில்லை. ஒரு பெரிய உருப்படி முடிந்து கைதட்டல் எழுந்தவுடன், அது அடங்கும் முன்பே, அறிவிப்பின்றித் துணுக்கு உருப்படியாக ஒரு மார்ச் பாய்ந்து வரும். ஆகவே ஒரு மார்ச்சைக் கேட்கும்போது அது யாருடைய கால்களுக்காக எழுதப்பட்டது என்று கேட்டுப் பாருங்கள். விடை படைவீரர், குதிரை, நடனக்காரர், பள்ளிப்பிள்ளை, நாற்காலியில் அமர்ந்திருக்கும் ரசிகர் என எதுவாகவும் இருக்கலாம்.

படைநடைக்குச் சூசாவின் ‘செம்பர் ஃபிடெலிஸ்’ சிறந்த எடுத்துக்காட்டு. அமெரிக்க மரீன் படையின் பேண்டுக்கு அவர் தலைமை வகித்த காலத்தில், 1888இல், அப்படையின் குறிக்கோள் வாசகத்தையே பெயராகக் கொண்டு இது எழுதப்பட்டது. இதன் டிரியோவுக்கு முன் முரசுகள் மட்டும் தனித்து ஒலிக்கும். பின்னர் எக்காளக் குரல் ஒன்று எழ, அதன் மேல் ஒன்றன்பின் ஒன்றாகக் கருவிகள் அடுக்கப்படும். கடற்கரைப் பொழுதுபோக்கிடம் ஒன்றிற்காக அவர் 1893இல் எழுதிய ‘மான்ஹாட்டன் பீச்’ இதற்கு நேர்மாறானது. அதில் கிளாரினெட்டுகள் அலைபோல் புரள்கின்றன. முடிவுப் பகுதியை ஓசை கூட்டியும் பின் தேய்த்தும், ஒரு பேண்டு நம்மைக் கடந்து போவதுபோல அவர் வாசிக்கச் செய்தார். 1923இல் எழுதிய ‘நோபிள்ஸ் ஆஃப் த மிஸ்டிக் ஷ்ரைன்’ சோகச் சாயலுள்ள ஸ்வர அமைப்பில் தொடங்கி, கிழக்கத்திய வாத்திய ஒலிகளைப் போலி செய்யும். ஒரே மனிதர் ஏறத்தாழ 136 மார்ச்சுகளை எழுதியபோதும் தம்மைத் தாமே நகல் எடுக்காமல் தப்பியது இத்தகைய சூழ்நிலை வேறுபாடுகளால்தான்.

சர்க்கஸ் மார்ச்சுகள் தனி உலகம். அங்கே மார்ச்சின் வேகம் மனிதக் காலுக்கு எட்டாதது. நிமிடத்துக்கு 120 அடி என்ற கணக்கு காற்றில் பறந்துவிடும். பித்தளைக் கருவிகள் முழுத் தொண்டையில் அலறும். இவற்றுக்கு அலறிகள் என்ற பொருளில் ஸ்க்ரீமர் என்று பெயர் வந்தது பொருத்தமே. கூடாரத்தில் குதிரை பேண்டைப் பின்பற்றுவதில்லை. பேண்டுதான் குதிரையைப் பின்பற்ற வேண்டும். குதிரையின் குளம்பு முந்தினால் பேண்டு முந்தும். வித்தைக்காரர் தவறி விழுந்தால் அந்த நொடியே வேறு இசைக்குத் தாவ வேண்டும். நாள் முழுதும் ஊதிக்கொண்டே இருந்த இந்தக் கலைஞர்கள் தங்களை விண்ட்ஜாமர்கள் என்று அழைத்துக்கொண்டார்கள். கார்ல் கிங் பார்னம் அண்ட் பெய்லி சர்க்கஸில் சேரவிருந்த காலத்தில் அதன் பேண்டு தலைவர் கேட்டுக்கொண்டதற்கிணங்க எழுதிய ‘பார்னம் அண்ட் பெய்லிஸ் ஃபேவரிட்’ (1913) இந்த வகையின் அரசி. ஃப்ரெட் ஜூவெல், ரஸ்ஸல் அலெக்சாண்டர் ஆகியோரும் இதே கூடாரங்களில் உருவானவர்கள். கோமாளி நுழையும்போது ஒலிக்கும் மெட்டென்று உலகமே அறிந்த இசையோ அமெரிக்காவில் பிறந்ததன்று. செக் இசையமைப்பாளர் யூலியஸ் ஃபுச்சிக் 1897இல் கம்பீரமான படைநடையாக எழுதிய ‘கிளாடியேட்டர்களின் நுழைவு’ அமெரிக்கச் சர்க்கஸில் வேகம் ஏறிக் கோமாளிக்குரியதாகிவிட்டது.

சர்க்கஸ் வழக்கில் சூசாவின் தேசிய மார்ச்சுக்கு வேறொரு பணியும் இருந்தது. தீயோ புயலோ வந்தால் பணியாளர்களுக்கு மட்டும் புரியும் எச்சரிக்கையாகவே அது வாசிக்கப்பட்டது. மற்ற நேரங்களில் கூடாரத்தில் அதை வாசிக்க மாட்டார்கள். 1944 ஜூலை 6 அன்று ஹார்ட்ஃபோர்டு நகரில் சர்க்கஸ் கூடாரம் தீப்பிடித்தபோது பேண்டு தலைவர் மெர்ல் எவன்ஸ் தம் குழுவை அந்த மார்ச்சைத்தான் வாசிக்கச் செய்தார். இதை அறிந்த பிறகு அந்த உற்சாக மெட்டைப் பழைய காதோடு கேட்பது எனக்குக் கடினமாகிவிட்டது.

ஊர்ப் பூங்கா, பள்ளி ஆகியவற்றுக்கான மார்ச்சுகள் இதற்கடுத்த வகை. கிங் 1920இல் அயோவா மாநிலத்தின் ஃபோர்ட் டாட்ஜ் என்னும் சிற்றூரில் குடியேறி, 1971இல் இறக்கும்வரை அவ்வூர் பேண்டை நடத்தினார். ஊர் மக்கள் வாக்களித்து ஒப்புக்கொண்டால் பேண்டுக்கென்று வரி விதிக்கலாம் என்ற சட்டம் அந்த மாநிலத்தில் 1921இல் நிறைவேறியது. கிங் அந்தச் சட்டத்தின் பெயரிலேயே ‘அயோவா பேண்டு லா’ என்று ஒரு மார்ச் எழுதினார். வரிச் சட்டத்துக்கு மங்கலம் பாடிய இசை வேறு எங்கும் இருக்குமா என்பது ஐயமே. சின்சினாட்டியின் ஹென்றி ஃபில்மோர் பல புனைபெயர்களில் எழுதியவர். ஹெரால்டு பென்னெட் என்ற பெயரில் வந்தால் அது தொடக்கநிலை மாணவர்களுக்கு உரியது என்று ஆசிரியர்கள் தெரிந்துகொள்வார்கள். சொந்தப் பெயரில் அவர் எழுதிய ‘அமெரிக்கன்ஸ் வி’ (1929) கேட்டவுடன் புன்னகை வரவழைப்பது. அதே சமயம், டிராம்போன் சறுக்கல்களை மையமாக வைத்து அவர் எழுதிய வேடிக்கை உருப்படிகள் கறுப்பினத்தவரைக் கேலிப்பொருளாக்கிய மேடை மரபைச் சார்ந்து விற்கப்பட்டவை. அவற்றைக் கேட்க நேர்ந்தால் இதையும் அறிந்தே கேட்க வேண்டும்.

நியூயார்க்கின் சென்ட்ரல் பார்க்கில் கோடைக்கால இலவசக் கச்சேரிகள் நடத்திய எட்வின் ஃபிராங்கோ கோல்ட்மன் 1923இல் ‘ஆன் த மால்’ என்ற மார்ச்சை எழுதினார். இதன் டிரியோவை ஒரு முறை கூட்டத்தினர் ‘லா லா’ என்று பாடுவார்கள். மறு முறை சீழ்க்கை அடிப்பார்கள். இதைத் தனியே ஒலிப்பதிவில் கேட்பதைவிடக் கூட்டத்தோடு கேட்பதே முறை.

ஐந்தாம் படி: பதிவுகளை ஒப்பிடுதல்

சூசா அச்சிட்டுத் தந்த தாள் ஒன்று. அவர் குழு வாசித்த விதம் வேறு. ஒரு பகுதி இருமுறை வரும்போது, தாளில் இரண்டும் ஒன்றுபோலவே இருந்தாலும், முதல் முறை கார்னெட்டையும் டிராம்போனையும் நிறுத்தி மெலிதாக வாசிக்கச் செய்து, இரண்டாம் முறை எல்லாரையும் அவிழ்த்துவிடுவது அவர் வழக்கம். இந்தச் செவிவழி மரபைத் தெரிந்து வாசிக்கும் பேண்டுக்கும், தாளில் உள்ளதை அப்படியே ஒப்பிக்கும் பேண்டுக்கும் இடையே வானத்துக்கும் பூமிக்கும் உள்ள தொலைவு இருக்கிறது. எல்லாம் ஒன்றுபோல் இருக்கின்றன என்ற குறையின் மறுபாதிக்குக் காரணம் இந்த ஒப்பித்தல்தான்.

சூசா உயிரோடு இருந்தபோது வெளிவந்த ஒலித்தட்டுகளைத் தேடிச் செல்வது இயல்பான ஆசை. ஆனால் அவற்றை முதலில் கேட்காதீர்கள். இயந்திர இசையை வெறுத்து 1906இல் அதற்கெதிராகக் கட்டுரை எழுதியவர் சூசா. அவர் குழுவின் பெயரில் வந்த பதிவுகள் பலவற்றை ஆர்தர் பிரையர் போன்றோரே நடத்தினார்கள். சிறிய குழுவை ஒலியை வாங்கும் கூம்புக் குழாயின் முன் நெருக்கி நிறுத்திப் பதிவு செய்ததோடு, தட்டின் கால அளவுக்காகப் பகுதிகளையும் வெட்டினார்கள். யாப்பு கைவந்தபின் அவற்றைக் கேட்டால் எதை வெட்டியிருக்கிறார்கள் என்று கண்டுபிடிப்பதே ஒரு சுவை.

தொடக்கத்திற்கு நம்பகமான வழி அமெரிக்க மரீன் பேண்டு. 1798இல் நிறுவப்பட்ட அந்தக் குழுவில்தான் சூசா பதின்மூன்று வயதில் பயிற்சி மாணவனாகச் சேர்க்கப்பட்டார். சர்க்கஸ் பேண்டோடு ஓடிப்போகத் திட்டமிட்டிருந்த மகனைத் தடுக்க, அதே குழுவில் டிராம்போன் வாசித்த தந்தை செய்த ஏற்பாடு அது. பின்னர் 1880 முதல் 1892 வரை சூசா அதற்குத் தலைமை வகித்தார். அந்த பேண்டு அவருடைய மார்ச்சுகளைக் கால வரிசையில் பதிவுசெய்து, இசைத்தாள்களோடு தன் இணையதளத்தில் இலவசமாக வழங்கி வருகிறது. அவர் வாசித்த விதம் பற்றிய குறிப்புகளும் அவற்றில் உண்டு. தாளைப் படிக்கத் தெரியாவிட்டாலும், ஒலியோடு தாள் நகரும் காட்சிப் பதிவுகளைப் பார்த்தால் எந்தக் குரல் எங்கே நுழைகிறது என்பது கண்ணுக்குத் தெரியும்.

இதனோடு ஒப்பிட, ஃபிரெடரிக் ஃபெனெல் 1952இல் நிறுவிய ஈஸ்ட்மன் விண்ட் என்செம்பிள் குழுவின் பழைய பதிவுகளை எடுத்துக்கொள்ளுங்கள். பெரிய பேண்டுகளில் ஒரே பாகத்தைப் பலர் சேர்ந்து வாசிப்பது வழக்கம். ஃபெனெல் குழுவில் பெரும்பாலும் ஒரு பாகத்துக்கு ஒருவர்தான். ஆகவே எதிர்மெட்டு கண்ணாடிபோல் துலங்கும். சர்க்கஸ் மார்ச்சுகளை மட்டும் தொகுத்து அவர்கள் வெளியிட்ட ‘ஸ்க்ரீமர்ஸ்’ என்ற தட்டும் இருக்கிறது. காலையில் முதல் காப்பிக்கு முன்னர் கேட்க அது உகந்ததன்று.

ஆறாம் படி: எல்லைகளுக்குச் செல்லுதல்

இந்த அளவுக்குப் பழகியவர்கள் மார்ச்சின் யாப்பை வளைத்தவர்களைத் தேடிச் செல்லலாம். ஸ்காட் ஜோப்ளினின் ‘மேப்பிள் லீஃப் ராக்’ (1899) பியானோ உருப்படிதான்; ஆனால் அதன் தாளின் தலையில் மார்ச்சின் வேகத்தில் வாசிக்க வேண்டும் என்றே எழுதியிருக்கிறது. 32 அடிகள் கொண்ட பகுதிகள், அவற்றின் மறுவாசிப்பு, மத்யமத்தை நோக்கிய சுருதி மாற்றம் என அனைத்தும் மார்ச்சிலிருந்து வந்தவை. இடக்கை ‘உம் பா’ என்று நடக்க, வலக்கை மட்டும் அடி தப்பித் தப்பித் துள்ளுகிறது. சாமுவேல் பார்பர் இரண்டாம் உலகப்போரின்போது படையில் இருந்துகொண்டே எழுதிய ‘கமாண்டோ மார்ச்’ (1943) வரிசையாக நடக்கும் வீரர்களை விட்டுப் பதுங்கிப் பாயும் வீரர்களைக் காட்டுகிறது.

சார்லஸ் ஐவ்ஸின் ‘கன்ட்ரி பேண்டு மார்ச்’ இசையைக் கடைசிக்கு வைத்துக்கொள்ளுங்கள். ஐவ்ஸின் தந்தை கனெக்டிகட் மாநிலத்தின் டான்பரி ஊரில் பேண்டு நடத்தியவர். உழவரும் கடைக்காரரும் சேர்ந்து வாசிக்கும் ஊர் பேண்டு எப்படி ஒலிக்கும் என்பதை மகன் குழந்தைப்பருவம் முதலே கேட்டு வளர்ந்திருந்தார். ஒருவர் நுழைய வேண்டிய இடத்துக்கு முன்பே நுழைவதும், மற்றொருவர் எண்ணிக்கை தவறி நிற்பதும், சுருதி பிசகுவதும், ஒரு மெட்டின் மேல் வேறொரு மெட்டு வந்து மோதுவதும் எல்லாம் இதில் தாளில் துல்லியமாக எழுதப்பட்டுள்ளன. அறிமுகம் எங்கே முடிய வேண்டும், டிரியோ எங்கே தொடங்க வேண்டும் என்று தெரியாமல் கேட்பவருக்கு இது வெறும் இரைச்சல். முதற்படியில் காலால் தட்டி எண்ணிய அடிகள் உடம்பில் ஊறிப்போனவரோ, இதைக் கேட்கும்போது சரியான இடங்களில் வாய்விட்டுச் சிரித்துவிடுவார்.